இரண்டு மணிக் கட்டம்

ஜூன் 3, திங்கள்

எங்கள் ஐ.சி.யு.வுக்கு மருமகள் வந்திருக்கிறாள். பெயர் வைத்தது நான்தான். ஒரு தள்ளுவண்டி, அதன்மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் இன்சுலின் ஏற்றும் சிரிஞ்ச் பம்ப். நோயாளியின் சுகரைக் குத்திப் பார்த்து அந்த எண்ணை அதில் தட்ட வேண்டுமாம். மூக்கு டியூப் வழியாக எத்தனை மில்லி உணவு போனது என்றும் சொல்ல வேண்டுமாம். மணிக்கு எத்தனை யூனிட் இன்சுலின் ஏற்ற வேண்டும், அடுத்து எப்போது குத்திப் பார்க்க வேண்டும், அப்போது சுகர் எவ்வளவு இருக்கும் என்பது வரை அது கணக்குப் போட்டுச் சொல்லிவிடுமாம். அப்படியானால் இன்சார்ஜ் நர்ஸ் ஹெலன் பொன்மணி, அதாவது நான், இருபத்திரண்டு வருஷமாக இங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

சொல்லிக்கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து பூங்கொடி என்று ஒரு இன்ஜினீயர் பெண் வந்திருந்தாள். நல்ல பிள்ளைதான். வாய்க்கு வாய் அக்கா.

"ஒவ்வொருத்தர் உடம்பும் இன்சுலினுக்கு எப்படி எறங்குதுன்னு இது பாத்துப் பாத்துக் கத்துக்குமுங்க்கா. ஒருத்தருக்குச் சொல்றத இன்னொருத்தருக்குச் சொல்லாதுங்க."

"நாங்களும் அப்படித்தாம்மா" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் எங்கள் அட்டவணை ஒட்டியிருந்தது. இருநூறுக்கு மேல் இவ்வளவு, இருநூற்றைம்பதுக்கு மேல் இவ்வளவு, பாளையங்கோட்டையில் படுத்திருக்கிற எல்லாருக்கும் ஒரே அளவு. அவள் அதைப் பார்த்தாள். மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஐ.சி.யு.வின் பெரிய டாக்டர் காஜா மைதீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மூணு மாசம் பாப்போம் சிஸ்டர். சரிப்படலேன்னா திருப்பி அனுப்பிருவோம்." சரி டாக்டர் என்றேன். எனக்கு மூன்று மாதம் எதற்கு, மூன்று நாள் போதும்.

வீட்டில் போர் மோட்டார் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் தனசிங் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். ஊருக்கெல்லாம் கரன்ட் கொடுக்கிறவர் வீட்டில் தண்ணீர் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

மோட்டார்காரர் வரவில்லை. பக்கத்து வீட்டில் நாலு குடம் வாங்கினேன். யூனிபார்ம் துவைக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

மருமகளுக்கு முதல் ஆள் கிடைத்துவிட்டார். பெட் மூன்று, ஆவுடையப்பன், வயது நாற்பத்து நாலு. கேட், கிரில் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நெஞ்சுச் சளி முற்றி, கிருமி ரத்தத்தில் கலந்து, நேற்று மாலை மூச்சு விட முடியாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். இப்போது வென்டிலேட்டரில் இருக்கிறார். சுகர் 412. தனக்குச் சுகர் இருப்பதே மனிதருக்குத் தெரியாதாம்.

அவர் மனைவி செண்பகவல்லி வாசலில் நின்றாள். "அவுக ஒரு நாளும் ஊசி போட்டதில்ல சிஸ்டர். ஜன்னி வந்தாலும் பட்டறைக்குப் போயிருவாக" என்றாள். சொல்லிவிட்டு, அழுவதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் அழ வேண்டாம் என்கிற முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்கென்று ஒரு முகம் இருக்கிறது எனக்கு.

சுவர் அட்டவணைப்படி அவருக்கு மணிக்கு எட்டு யூனிட். மருமகள் ஐந்துதான் என்றாள். "ஒரு மணி நேரம் கழித்துப் பார், 348 இருக்கும்" என்று திரையில் எழுதிக் காட்டினாள். பார்ப்போமே என்று நான் மனதுக்குள் 380 என்றேன். ஒரு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன். 351.

ஒரு நாள் யாருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கும்.

ஜூன் 7, வெள்ளி

சிவகாமியைத் திட்டினேன். எனக்கு அடுத்த ஷிப்டில் வருகிற ஸ்டாஃப் நர்ஸ். சங்கரன்கோயில்காரி, சுறுசுறுப்பானவள், ஆனால் சார்ட்டில் கட்டத்தைக் காலியாக விடுகிற கெட்ட பழக்கம் உண்டு. நேற்று அவள் கொடுத்துப்போன தாளில் இரண்டு கட்டம் வெள்ளையாக இருந்தது.

எங்கள் ஐ.சி.யு.வில் ஷிப்ட் மாறும்போது சார்ட்டை நிரப்பிக் கொடுக்க வேண்டும். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது. இரண்டு மணி டியூப் உணவைக் கொடுப்பது மதிய ஷிப்ட். ஆனால் டிக் போடுவது நான், ஒன்று நாற்பதுக்கே. வருகிறவள் தாளைப் பார்த்ததும் இது நமக்கு வைத்துவிட்டுப்போன வேலை என்று தெரிந்துகொண்டு கொடுத்துவிடுவாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் தாள் நிரம்பி இருக்கும். நான் படித்த காலத்தில் எங்கள் சூப்பரின்டென்டென்ட் சொல்லிக்கொடுத்தது இது. வெள்ளைக் கட்டம் நர்சுக்கு அவமானம் என்பார் அவர். இந்த யூனிட்டில் இருக்கிற பதினாலு பேருக்கும் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் கையில் ஒரு நாளும் ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லை.

மோட்டார் ஓடுகிறது. கண்டென்சர் போயிருந்ததாம்.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை, டூட்டி. நானும் மருமகளும் விளையாடுகிற விளையாட்டு யாருக்கும் தெரியாது. திரையைக் கையால் மறைத்துக்கொண்டு அடுத்த சுகர் என்ன வரும் என்று நான் ஒரு எண் நினைப்பேன். பிறகு கையை எடுத்து அவள் எண்ணைப் பார்ப்பேன். யார் எண் பக்கத்தில் வருகிறதோ அவர் ஜெயித்தார். மூன்று நாளில் நான் நாலு, அவள் பதினேழு.

பெட் மூன்றின் சுகர் நேற்று மதியத்திலிருந்து 140க்கும் 180க்கும் நடுவில் நிற்கிறது. அந்த மாதிரி நோயாளிக்கு அப்படி நின்று நான் பார்த்ததில்லை. நாங்கள் செய்தால் 300, பிறகு 90, பிறகு 280 என்று ஊஞ்சல் ஆடும். அதை நாங்கள் கன்ட்ரோல் என்று எழுதுவோம்.

ஜூன் 11, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு மருமகள் திடீரென்று ஆவுடையப்பனுக்கு இன்சுலினை ஏற்றினாள். மூன்றிலிருந்து நாலரை, பத்து மணிக்கு ஆறு. உணவு அதே உணவு, மருந்து அதே மருந்து. காய்ச்சல் இல்லை, பிரஷர் சரியாக இருந்தது. சனியன், குழம்பிப்போய்விட்டது என்று நான் சந்தோஷமாக டாக்டரைக் கூப்பிட்டேன். ஆமாம், சந்தோஷமாகத்தான். எழுதுவதில் என்ன.

காஜா மைதீன் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். "இது குழம்பல சிஸ்டர். இவரு உடம்பு இன்சுலினுக்கு மசிய மாட்டேங்குது. உள்ள ஏதோ புதுசா ஆரம்பிக்கி" என்றார். கழுத்தில் போட்டிருந்த பெரிய ஊசிக் குழாயை உடனே எடுக்கச் சொன்னார், கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கல்ச்சருக்கு அனுப்பினார், ஆன்டிபயாடிக்கை மாற்றினார். எனக்கு அதிகப்படியாகத்தான் தெரிந்தது. பன்னிரண்டரை மணிக்கு ஆவுடையப்பனுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. காய்ச்சல் 102. மருந்து அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போய்விட்டது.

காய்ச்சல் வருவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் நோயாளியின் முகத்தைப் பார்த்தே காய்ச்சலைச் சொல்கிறவள் என்று எனக்குப் பெயர். முகத்துக்கு வருவதற்கும் முன்னால் அது வேறு எங்கோ வருகிறது போலிருக்கிறது.

எண்ணிக்கை எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

சாரல் காற்று நன்றாக அடிக்கிறது. கொடியில் போட்ட துணி எல்லாம் பக்கத்து வீட்டு மாடியில்.

பார்வையாளர் நேரத்தில் செண்பகவல்லி வந்தாள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் விடுவோம். அவள் புருஷன் முகத்தை ஐந்து நிமிடம் பார்ப்பாள், மீதி ஐந்து நிமிடம் திரையைப் பார்ப்பாள்.

"நூத்தி அம்பத்தாறு. நல்லதுதான சிஸ்டர்?"

"ரொம்ப நல்லதும்மா. சுகர் ஒழுங்கா நின்னாத்தான் மருந்து வேலை செய்யும், கிருமி அடங்கும். இந்த மிஷின் கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டு அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. நமக்கு அசதி வரும், பசி வரும். இதுக்கு ஒண்ணும் வராது." மருமகளுக்கு இவ்வளவு வக்காலத்து வாங்குவேன் என்று நானே நினைக்கவில்லை.

"மிஷின் கெடக்கட்டும். நீங்க இருக்கீகள்லா, அதான் எனக்குத் தைரியம்" என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். மத்தியானம் மீன் குழம்பு. ஆவுடையப்பனுக்கு வென்டிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். இந்த வாரம் டியூபை எடுத்துவிடலாம் என்று நேற்று டாக்டர் சொன்னார்.

ஜூன் 17, திங்கள்

மாலை ஐந்தேகாலுக்கு சிவகாமி போன் பண்ணினாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, பெட் மூணுக்கு லோ சுகர். அம்பத்தெட்டு."

இரண்டு மணிக்கு அவள் டூட்டிக்கு வந்ததுமே பெட் ஐந்தில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டதாம். எல்லாரும் அங்கே ஓடியிருக்கிறார்கள். இரண்டு நாற்பதுக்கு மருமகள் கத்தியிருக்கிறாள், பெட் மூன்றைக் குத்திப் பார் என்று. சாப்பாடு போனால் இன்சுலினைக் கூட்டிவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்வது அவள் வழக்கம். சிவகாமி ஓடி வந்து குத்திப் பார்த்திருக்கிறாள். ஐம்பத்தெட்டு. எண்ணைத் தட்டியதும் மருமகள் இன்சுலினை அடியோடு நிறுத்தச் சொல்லி, எத்தனை மில்லி குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். பதினைந்து நிமிடத்தில் 110க்கு வந்துவிட்டது. ஆவுடையப்பனுக்கு வலிப்பு வரவில்லை. கூப்பிட்டால் கண் திறக்கிறார்.

"மிஷின் கணக்கு தப்பிருச்சுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம் வந்து பாத்துட்டுப் போனாங்க. வியாழக்கிழமை மீட்டிங்காம். திருப்பி அனுப்பிருவாங்க போல" என்றாள்.

"ரெண்டு மணி ஃபீட் எப்பக் கொடுத்த?" என்று கேட்டேன்.

"நான் எங்கக்கா கொடுத்தேன். நீங்க கொடுத்துட்டீங்கள்லா. கம்ப்யூட்டர்ல டிக் இருந்துச்சே."

மடித்த சட்டையை மறுபடி பிரித்தேன். அவளே தொடர்ந்தாள். "பேப்பர்ல இருந்தா நாம கொடுக்கணும்னு தெரியும்க்கா. கம்ப்யூட்டர்ல இருந்ததுனால நெசம்னு நெனச்சிட்டேன்."

என் வீட்டுக்காரர் வந்து யார் போனில் என்று கேட்டார். ஆஸ்பத்திரி என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். கேஸ் புக் பண்ணினேன். இரண்டு யூனிபார்முக்கும் நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டேன். ஒரு காலரை இரண்டு முறை.

ஆவுடையப்பன் சுகர் 238, பிறகு 251, பிறகு 264. மருமகள் ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் என்று தயங்கித் தயங்கிக் கொடுக்கிறாள். வென்டிலேட்டரைக் குறைப்பதை டாக்டர் நிறுத்திவிட்டார். சளி மறுபடி பச்சையாக வருகிறது.

ஜூன் 19, புதன்

பூங்கொடி காலை ரயிலில் வந்து நேராக ஐ.சி.யு.வுக்கு வந்துவிட்டாள். முகம் கழுவக்கூட இல்லை. மூன்று மணி நேரம் திரையை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து விளக்கினாள். எனக்கு விளக்க வேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்றியது என்று தெரியவில்லை.

"எரநூறு மில்லி உள்ள போயிருக்குதுங்க்கா. அப்படியும் சுகர் அம்பத்தெட்டுக்கு வந்துருச்சு. அப்ப இவரு கொஞ்சம் இன்சுலினுக்கே மளமளன்னு எறங்கற உடம்புன்னு இது முடிவு பண்ணிருச்சுங்க. அதனாலதான் இப்பப் பயந்து பயந்து குடுக்குது, சுகர் ஏறுது. என்ர கணக்குலதான் எங்கியோ தப்பு. ரெண்டு வருஷம் இதையேதான் பாத்துட்டு இருந்தேன், எங்க விட்டேன்னு தெரியலைங்க்கா."

அவள் கண் சிவந்திருந்தது. காபி வாங்கி வருகிறேன் என்று கேன்டீனுக்குப் போய்விட்டேன். வாங்கி வந்து கொடுத்தேன். அவள் தேங்க்ஸ் சொன்னாள்.

நாங்கள் சொன்ன பொய்யை அது பாடமாகப் படித்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. டிக்கை யாராவது எடுக்காத வரைக்கும் அந்த மனிதருக்கு அது குறைத்துத்தான் கொடுக்கும். நாளை மீட்டிங்கில் மிஷினை நிறுத்திவிட்டால் சுவர் அட்டவணைக்கு வந்துவிடுவார். அப்போது ஊஞ்சல். இந்த நெஞ்சு ஊஞ்சலைத் தாங்காது. நான் வாயைத் திறக்காவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாம் தேதி நான் ஆசைப்பட்டதுதான் நடக்கும்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கம்பத்துல ஆள் ஏறணும்னா கரன்ட்ட நிறுத்தியாச்சுன்னு லைன் கிளியர் எழுதிக் கொடுப்பீங்கள்லா. கரன்ட்ட நிறுத்துறதுக்கு முன்னாலயே எழுதி வச்சிருவீங்களா, எப்படியும் நிறுத்தத்தானே போறோம்னு?"

அவர் சோற்றிலிருந்து நிமிர்ந்தார். "கூறுகெட்ட கேள்வியாக் கேக்க. எழுதிட்டு ஒருத்தன் நிறுத்த மறந்தாம்னா, மேல ஏறுனவன் கரிக்கட்டையாத்தான் எறங்குவான்."

"நிறுத்துறவன் மறக்க மாட்டாம்னு வைங்க."

"மறந்தவன் எவனும் மறக்கப்போறேன்னு சொல்லிட்டா மறந்தான்" என்றார். ரசம் ஊற்றச் சொன்னார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெட் இரண்டில் ஒரு தபால்காரர் இருந்தார். வண்ணார்பேட்டை பக்கம். தேறிக்கொண்டிருந்தவருக்கு, ஒரு மதியம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் சுகர் இறங்கி நினைவு போனது. வரவே இல்லை. பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். விசாரித்தார்கள். சார்ட் நிரம்பியிருந்தது, எல்லாம் சரியாக நடந்திருக்கிறது, காரணம் தெரியவில்லை என்று எழுதி மூடினார்கள். அன்றைக்குக் காலை டூட்டி யார் என்று எனக்கு நினைவில்லை.

நினைவிருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

ஏழேகாலுக்கே போய்விட்டேன். பூங்கொடி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"திங்கக்கிழமை ரெண்டு மணி டிக்க எடுக்க முடியுமாம்மா?"

"எடுக்கலாமுங்க்கா. ஏனுங்க?"

"அந்த ஃபீட் போகல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் தள்ளி இடம் கொடுத்தாள். டிக்கை எடுத்ததும் திரையில் காரணம் கேட்டு ஒரு கட்டம் வந்தது. 'உணவு கொடுக்கப்படவில்லை. கொடுப்பதற்கு முன்பே கொடுத்ததாக நான் குறித்தேன். ஹெலன் பொன்மணி' என்று தட்டினேன்.

மருமகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். திங்கட்கிழமை மதியத்தை முதலிலிருந்து கணக்குப் போட்டாள். உணவு போகாமல் அந்த இன்சுலின் மட்டும் போயிருந்தால் இரண்டு நாற்பதுக்குச் சுகர் எவ்வளவு இருந்திருக்கும் என்று காட்டினாள். 60. சிவகாமி குத்திப் பார்த்தபோது இருந்தது 58.

பூங்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மனித உடம்புக்குள் நடப்பதை இரண்டு புள்ளி வித்தியாசத்தில் சொல்கிற ஒன்றை, மூன்று நாளாக ஊரே சேர்ந்து முட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நானும் அதைப் பார்த்துக்கொண்டு யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் பொய் சொல்லியும்கூட, சரியான நேரத்தில் கத்தி, சிவகாமியை ஓட வைத்து, அந்த மனிதரைக் காப்பாற்றியதும் அதுதான்.

ஆவுடையப்பனுக்கு மணிக்கு நாலு யூனிட் என்று மாற்றியது. டாக்டரிடம் போனில் சொல்லி ஏற்றினேன்.

பதினோரு மணிக்கு மீட்டிங். சூப்பரின்டென்டென்ட் மேடம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எழுந்து சொல்லிவிட்டேன். உட்கார்ந்து காத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

காஜா மைதீன் பேனாவை மூடி வைத்தார். "இப்படி எத்தன பேரு எழுதுதீங்க?"

முதலில் சிவகாமி கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் இன்னொருத்தி. கடைசியில் கை தூக்காத நர்ஸ் இல்லை.

"நாந்தான் டாக்டர் சொல்லிக்கொடுத்தேன். அவங்க மேல ஒண்ணும் போடாதீங்க" என்றேன்.

"சிஸ்டர், எனக்குக் கோபமா வருது. ஆனா இத நீங்க சொல்லலேன்னா யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது" என்றார் அவர். மேடம் எனக்கு மெமோ கொடுத்தார். மூன்று மாதத்துக்கு இன்சார்ஜ் பொறுப்பு கிடையாது. மிஷின் இருக்கும். சார்ட்டில் இனிமேல் காலிக் கட்டம் காலியாகவே இருக்கலாம் என்று எழுத்தில் உத்தரவு வருகிறது.

தபால்காரரைப் பற்றி நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜூன் 21, வெள்ளி

சுகர் 162, 155, 171. வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தனசிங் சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் உண்டு.

குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தானே சொல்வதாகச் சொன்னார். நான் சொல்கிறேன் என்றேன்.

செண்பகவல்லியை டாக்டர் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நல்ல செய்தி என்று நினைத்து வந்திருந்தாள். கொடுக்காத சாப்பாட்டைக் கொடுத்ததாக எழுதினேன், அதனால் சுகர் இறங்கியது, மூன்று நாள் அவர் தேறுவது தள்ளிப்போனது, தப்பு மிஷினுடையது இல்லை, என்னுடையது. இதைத்தான் சொன்னேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் மடியில் இருந்த பார்வையாளர் பாஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவுக சாப்பிடலங்கது எனக்குத் தெரியாது. வெளிய உக்காந்து நான் ரெண்டு இட்லி தின்னேன்" என்றாள். பிறகு, "உங்கள நம்பித்தான சிஸ்டர் விட்டுட்டு உக்காந்திருந்தேன்" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மன்னிச்சிரும்மா என்றேன். அவள் எழுந்து போனாள்.

ஜூன் 22, சனி

லீவு எடுக்கலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

நேற்று மாலை ஆவுடையப்பனின் வென்டிலேட்டர் டியூபை எடுத்துவிட்டார்களாம். காலையில் போனபோது மாஸ்க்கில் தானாக மூச்சு விட்டுக்கொண்டு தூங்கினார். விழுங்க இன்னும் பலமில்லை, அதனால் சாப்பாடு மூக்கு டியூபில்தான். மருமகள் மணிக்கு இரண்டு யூனிட்டுக்கு இறங்கிவிட்டாள். உடம்பு தேறினால் இன்சுலின் தேவை குறையும், அதையும் எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்தது அவள்தான். இப்போதெல்லாம் நான் திரையைக் கையால் மறைப்பதில்லை. நல்ல வேலைக்காரர் வேலை செய்வதைப் பார்க்கிற மாதிரி நின்று பார்க்கிறேன். எனக்குப் பெருமையாகக்கூட இருக்கிறது.

நேற்று பெட் நாலில் மதியக் கட்டம் காலியாக விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் கதவைப் பூட்டாமல் வந்த மாதிரி இருந்தது.

பதினொன்றரைக்குச் செண்பகவல்லி வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. புருஷன் நெற்றியில் கை வைத்தாள், பிறகு திரைக்குப் போனாள். இந்த இருபது நாளில் அதைப் படிக்க நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள். உணவு என்று இருக்கிற வரிசையில் விரலை வைத்தாள்.

"பதினோரு மணிச் சாப்பாடு கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சும்மா. பதினொண்ணு ஏழுக்கு."

அவள் கட்டிலுக்குத் திரும்பி வந்தாள். போர்வையை விலக்கினாள். உள்ளங்கையை அவர் வயிற்றில் வைத்து, தொப்புளுக்கு மேலே லேசாக அழுத்தி, அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். வயிறு நிறைந்திருக்கிறது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் போர்வையை மூடினாள். அதுவரை நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நகரவில்லை. அவள் அப்படித்தான் பார்க்க வேண்டும். நாளைக்கும் பார்ப்பாள், பார்க்கட்டும்.

அவள் போனதும் மருமகள் கூப்பிட்டாள். குத்திப் பார்த்து 149 என்று தட்டினேன். உணவு எவ்வளவு என்று கேட்டாள். 200 என்றேன். காலையிலிருந்து சுகர், உணவு என்று அவள் என்னிடம் பதினோரு முறை கேட்டிருக்கிறாள். நான் சொன்ன பதினொன்றையும் ஒரு வார்த்தை மறுத்துக் கேட்காமல் அப்படியே நம்பியிருக்கிறாள்.

பதினொன்றும் நிஜம்.